செக் என்ஜின் விளக்கு எரிந்தால்: அறிகுறி பார்த்து வீட்டிலேயே சரிசெய்யும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இந்த மஞ்சள் விளக்கோடு வரும் கார்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பூட்டிய வீட்டு வண்டி. பொங்கலுக்கோ, கல்யாணத்துக்கோ, படைப்புக்கோ ஊருக்கு வரும்போது மட்டும் ஷெட்டிலிருந்து வெளியே வரும். இன்னொன்று, தினமும் ஓடினாலும் ஒரு நடைக்கு மூன்று நான்கு கிலோமீட்டரைத் தாண்டாத ஊர் வண்டி. சென்னையிலோ பெங்களூரிலோ ஓடும் வண்டிக்கு எழுதிய குறிப்பு இந்த இரண்டுக்கும் முழுசாகப் பொருந்தாது. எனவே எங்கள் பக்கம் அடிக்கடி வரும் பழுதுகளை முன்னால் வைத்து, செலவில்லாத காரணத்தில் தொடங்கி எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனரில் "ஆக்ஸிஜன் சென்சார்" (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) என்று கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் எண் (code), வந்தால் சென்சார் போய்விட்டது என்று பொருள் இல்லை. அந்த இடத்தில் அளவு சரியாக வரவில்லை என்றுதான் பொருள். எலி கடித்த ஒயரும் அதே கோடைத் தரும், கழன்ற ஹோஸும் தரும். கோடைப் படித்த கையோடு பாகத்தை வாங்கி மாட்டுவதுதான் இந்த விளக்கு விஷயத்தில் பணம் வீணாகும் முதல் வழி.

## கை வைக்கும் முன்

சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ, சூட்டு விளக்கோ கூடவே எரிந்தால் இந்தக் குறிப்பு உங்களுக்கில்லை. வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இங்கே பேசுவது மஞ்சள் நிற என்ஜின் படம் போட்ட விளக்கைப் பற்றி மட்டும்.

கார் ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். எந்தச் சோதனையாக இருந்தாலும் வண்டியை வெளியே தள்ளி வைத்துச் செய்யுங்கள். சைலன்ஸர் பக்கமும் ஸ்பார்க் பிளக் பக்கமும் என்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் கை போக வேண்டும்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோடைப் படிக்கும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இஎல்எம்327 (ELM327) வகை என்று கேட்டால் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும், போனில் ஒரு ஆப் போட்டால் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கம் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும், அதில் செருக வேண்டும். இந்தியாவில் முழு அளவிலான ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்குப் பின் வந்த கார் என்றால் கவலையில்லை. 2010-க்கு முந்தைய வண்டி என்றால் சாக்கெட்டே இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் இந்த ஸ்கேனர் பேசாமல் போகலாம்.

கோடு வந்ததும் அழிக்காதீர்கள். எண்ணை எழுதிக்கொண்டு, "ஃப்ரீஸ் ஃப்ரேம்" என்ற பக்கத்தைத் திறந்து படம் எடுத்து வையுங்கள். விளக்கு எரிந்த அந்த நொடியில் வேகம், சூடு, ஆர்பிஎம் எவ்வளவு என்று அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பிறகு எந்த மெக்கானிக்கும் இருட்டில்தான் தேட வேண்டும்.

## விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது, வண்டி குலுங்குகிறது

இதில் மட்டும் தாமதம் கூடாது. மின்னுகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்ஸருக்குப் போகிறது. அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது பல பத்தாயிரத்தில் போய் நிற்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நிழலும் வெறும் தரையும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். காய்ந்த புல், சருகு, வைக்கோல் மேல் நிறுத்த வேண்டாம்.

கோடு பி0300 என்றால் பொதுவான மிஸ்ஸிங், அதாவது இப்படி எரியாமல் விடுவது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும்.

என்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவினீர்களா? அப்படியானால் பிளக் குழிக்குள் தண்ணீர் தங்கியிருக்கும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றிப் பார்த்து, காற்றடித்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

காயிலை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பி0301 என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஆறியதும் ஒன்றாம் சிலிண்டர் காயிலை இரண்டிலும், இரண்டாவதை ஒன்றிலும் மாட்டி, கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0302 வந்தால் காயில்தான் பழுது, அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். பி0301-லேயே நின்றால் அடுத்து பிளக்கை இதே மாதிரி மாற்றிப் போடுங்கள். பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நாலு காயிலையும் மாற்றச் சொல்லும் இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

பிளக்கைக் கழற்றும்போது முனையைப் பாருங்கள். வறண்டு லேசான பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் அந்த சிலிண்டரில் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாக இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: காயில், பிளக் இரண்டையும் மாற்றிப் போட்ட பிறகும் அதே சிலிண்டரில் மிஸ்ஸிங் நிற்கிறது, அல்லது பிளக்கில் ஆயில் இருக்கிறது என்றால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் பார்க்க வேண்டும். அது வீட்டு வேலை இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

## மாதக்கணக்கில் நின்ற வண்டி, எடுத்த அன்றே விளக்கு

இதுதான் செட்டிநாட்டு வண்டிகளின் பொதுப் பிரச்சினை. ஒரே நேரத்தில் ஐந்தாறு கோடு வந்து நிற்கும். ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் எல்லாம் சேர்ந்து கத்தும். பார்த்ததும் பயம் வரும், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. பல கோடு ஒன்றாக வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், அதுவும் சின்னதுதான்.

முதலில் பேட்டரி. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் அது காட்டும் கோடுகளை நம்பாதீர்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி ஓய்ந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி முழுசாக சார்ஜ் போட்டு, முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் விட்டுத் துடைத்து, இறுக்கி மாட்டி, எல்லாக் கோடையும் ஒரு தடவை அழித்துவிட்டு ஓட்டுங்கள். திரும்ப வருவதுதான் உண்மையான கோடு. மற்றதெல்லாம் வோல்டேஜ் குறைந்ததால் வந்த கூச்சல்.

ஸ்டார்ட் ஆன பின் வோல்டேஜ் 13.5-க்கு மேல் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும், அதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான்.

அடுத்து எலி. பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே ஒரு சென்சார் கோடு பிடிவாதமாக நின்றால் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துத் தேடுங்கள். புழுக்கை, கொறித்த வேப்பங்கொட்டை, நார், துணித்துண்டு இவை எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். என்ஜின் மேல் மூடியைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள், கூடு கட்ட அதற்குப் பிடித்த இடம் அதுதான். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டி. ஃபில்டர் தாளையே கடித்துக் கூடு கட்டியிருக்கும் வண்டிகள் உண்டு. அப்புறம் என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பின் (ஃபயர்வால்) பக்கம் போகும் ஒயர் கட்டு, இன்ஜெக்டர் ஒயர், கடைசியாகக் கீழே குனிந்து ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயர்.

ஒயர் முழுதாகத் துண்டாகியிருக்க வேண்டும் என்பதில்லை. மேல் உறை போய்ச் செம்பு தெரிந்து பக்கத்து உலோகத்தில் உரசினாலே கோடு வரும். ஒயர்க் கட்டை விரலால் மெதுவாக நீவிக்கொண்டே போனால் கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தட்டும். ஒன்றிரண்டு ஒயர்தான் என்றால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, அதே தடிமனுள்ள ஒயர் வைத்துச் சால்டர் செய்து, சுருங்கும் குழாய் போட்டு மூடலாம். முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குத் தாங்காது. ஆக்ஸிஜன் சென்சார் ஒயர் சைலன்ஸர் சூட்டில் இருப்பது. அதில் சால்டர் நிற்காது, சூடு தாங்கும், அழுத்தி இறுக்கும் கிரிம்ப் இணைப்பு வேண்டும்.

எலி மருந்து வைக்க வேண்டாம். தின்ற எலி ஏசி குழாய்க்குள்ளோ டாஷ்போர்டுக்குள்ளோ போய்ச் செத்தால் எடுக்க டாஷ்போர்டையே பிரிக்க வேண்டும். ஷெட்டில் வண்டி நிற்கும்போது பானட்டைத் திறந்தே வைப்பதும், ஏர் ஃபில்டர் குழாய் வாயில் கம்பிவலை கட்டுவதும் நன்றாக வேலை செய்கின்றன. வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். பக்கத்தில் நெல், கடலை மூட்டை இருந்தால் அதை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

குளவிக் கூடு. பெரிய வீடுகளின் ஷெட்டில் மண்குளவிக்குப் பஞ்சமில்லை. சின்ன ஓட்டை எதைக் கண்டாலும் மண் வைத்து அடைக்கும். சைலன்ஸர் வாய், ஏர் ஃபில்டர் குழாய், பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாய் முனை மூன்றையும் பாருங்கள். டேங்க் காற்றுக்குழாய் அடைத்தால் டேங்க் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும், பெட்ரோல் போடும்போது கன் அடிக்கடி தானாக நிற்கும். ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறி வெளியே எடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள்.

பழைய பெட்ரோல். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். கால் டேங்க் பெட்ரோலோடு மூன்று மாதம் நின்ற வண்டியில் ஸ்டார்ட் ஆகத் திணறுவதும், பி0171 வருவதும் சாதாரணம். டேங்கைப் புது பெட்ரோலால் நிரப்பி, திருமயம் சாலையில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். வாடையே மாறி வார்னிஷ் மாதிரி அடித்தால் நிரப்பிப் பயனில்லை, ஸ்டார்ட்டும் செய்ய வேண்டாம். மெக்கானிக்கை வைத்து டேங்கை வடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. அன்போடு சொல்வதுதான், ஆனால் வண்டிக்கு அது கெடுதல். ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட் ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்பாது. என்ஜின் சூடாகாமல் சைலன்ஸரில் தண்ணீர் தங்கும், பிளக்கில் கரி படியும். அதற்குப் பதில் வாரம் ஒரு நாள், லைசென்ஸ் உள்ள ஒருவரை வைத்து, குன்றக்குடி வரை போய் வரச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதே மேல்.

## விளக்கு நிலையாக எரிகிறது, ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை

இணையத்தில் எங்கே தேடினாலும் "பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கு" என்றுதான் முதல் பதில் வரும். அது அமெரிக்க வண்டிகளுக்குச் சொன்னது. அங்கே பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதித்துக்கொள்ளும். நம் ஊரில் விற்கும் பல கார்களில் அந்தக் கசிவுச் சோதனை கிடையாது. மூடியை இறுக்கிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை, ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் விளக்கு அணையவில்லை என்று அங்கேயே நிற்காதீர்கள்.

கோடு பி0443, பி0444 மாதிரி வந்தால் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வின் ஒயர் அல்லது கனெக்டர். என்ஜின் மேலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். வால்வே போனாலும் பெரிய செலவில்லை. பெட்ரோல் போடும்போது கன் தானாக நின்ற பிறகும் "ரவுண்டா போடுங்க" என்று கழுத்து வரை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆவி பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் இறங்கினால் அந்த டப்பா பாழாகிவிடும்.

பி0135, பி0141 என்றால் ஆக்ஸிஜன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர். முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து அதன் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஒயர். இரண்டும் நன்றாக இருந்தால்தான் சென்சார்.

இந்த நிலையில் வண்டியை ஓட்டலாம். வேலை முடியும்வரை காத்திருந்து பார்க்கலாம். மாதக்கணக்கில் மட்டும் விடாதீர்கள். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அடுத்து வரும் புதுப் பழுதை உங்களுக்குச் சொல்ல வேறு விளக்கு இல்லை.

## ஐட்லிங் ஏறி இறங்குகிறது, பிக்கப் இல்லை

கோடு பெரும்பாலும் பி0171. பெட்ரோல் அளவுக்கு மேல் காற்று போகிறது என்று பொருள்.

காற்று எங்கே திருட்டுத்தனமாக நுழைகிறது என்று தேடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி வரை போகும் பெரிய ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், வெயிலில் காய்ந்து அடிப்பக்கம் வெடித்திருக்கும். க்ளாம்ப் தளர்ந்திருக்கிறதா? சமீபத்தில் சர்வீஸுக்கு விட்டு வந்தபின் விளக்கு எரிந்தது என்றால் இந்த க்ளாம்ப்பையும் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பையும் பார்த்தாலே போதும். அதற்குப் பிறகு, சின்னச் சின்ன வாக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஐட்லிங்கில் உஸ்ஸென்ற சத்தம் கேட்கும் இடம்தான் ஓட்டை.

ஸ்கேனர் ஆப்பில் "ஃப்யூயல் ட்ரிம்" என்று ஒரு அளவு ஓடும், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது சொல்லும். கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஐட்லிங்கில் 20-க்கு மேல் ஏறி, ஆர்பிஎம்மை 2500-க்குக் கொண்டு போனதும் இறங்கினால் ஹோஸில் காற்று கசிவு என்று நிச்சயமாகச் சொல்லலாம். மாறாக, வேகம் ஏற ஏற அளவும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப், ப்ரஷர் பார்க்க ஒர்க்‌ஷாப் போக வேண்டும். வீட்டில் பெட்ரோல் லைனைக் கழற்றாதீர்கள்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் போட ஆரம்பித்த பிறகுதான் விளக்கு வந்தது என்று பலர் சொல்கிறார்கள். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் ஃப்யூயல் ட்ரிம் அளவு கொஞ்சம் மேலே போவது உண்மை. ஆனால் கசிவு இல்லாத வண்டி அதைத் தானே சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒரு ஹோஸ் கசிந்து எல்லையில் நின்ற வண்டியைத்தான் அது தாண்டவிடுகிறது. ஹோஸைத் தேடுங்கள். வண்டி எந்தப் பெட்ரோலுக்கு ஏற்றது என்பதை ஓனர் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் அதற்கென்று விற்கும் க்ளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். தகட்டை விரலால் அழுத்தித் திறக்க வேண்டாம், உள்ளே மோட்டார் பல் உடையும். துடைத்தபின் சில வண்டிகளில் ஐட்லிங்கை மறுபடி கற்றுக்கொடுக்க ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் தேவைப்படும்.

## மைலேஜ் விழுந்துவிட்டது, கரும்புகை, பெட்ரோல் வாடை

ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசிக்கு ஓனர் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது, அதில் பாதி தூரத்திலேயே ஒரு தடவை எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். காற்றடித்தால் உள்பக்கமிருந்து வெளியே அடியுங்கள். பல தடவை அடித்த ஃபில்டரை விட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

ஃபில்டர் நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பலர் நினைக்காத ஒன்று. அரை மணி நேரம் ஓட்டியபின் ஸ்கேனரில் கூலன்ட் சூடு எவ்வளவு? 85 முதல் 100 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஹைவேயில் 70-ஐத் தாண்டவில்லை என்றால், என்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, அல்லது யாரோ கழற்றிப் போட்டுவிட்டார்கள். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது பழைய கார்புரேட்டர் காலத்து வைத்தியம். இன்றைய வண்டியில் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், கன்வெர்ட்டரும் போகும். பி0128 கோடு இதற்குத்தான். புது தெர்மோஸ்டாட் போட்டுவிடுங்கள், அது விலை அதிகமில்லாத பாகம்.

இரண்டும் இல்லையென்றால் முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் அல்லது கசியும் இன்ஜெக்டர். இங்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். ஆப்பின் கிராஃபைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

## பி0420 வந்துவிட்டது

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் கோடு. இதைப் பார்த்ததும் கன்வெர்ட்டர் விலையைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். அதற்கு முன்னால் பார்க்க மூன்று விஷயம் இருக்கிறது.

காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து சைலன்ஸர் குழாய் நெடுக டிக் டிக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னாலோ, பின் சென்சாருக்குப் பக்கத்திலோ ஓட்டை இருந்தால் வெளிக்காற்று நுழைந்து இந்தக் கோடைத் தரும். கேஸ்கட் மாற்றினால் முடிந்தது.

அடுத்து, வேறு கோடு கூடவே இருக்கிறதா? மிஸ்ஸிங் கோடோ, பி0171-ஓ இருந்தால் அதை முதலில் சரிசெய்து சில வாரம் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, ஆப்பில் முன்பின் சென்சார் இரண்டையும் ஒன்றாக ஓடவிடுங்கள். என்ஜின் சூடான பிறகு பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே வேகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அதன் காலம் முடிந்தது.

முடிந்தது என்று உறுதியானால் நல்ல ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், அது ஏன் போனது என்றும் கேளுங்கள். ஆயில் குடிக்கும் என்ஜினில் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போகும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போட்டுத் தருகிறேன், பின் சென்சாருக்கு இடையில் ஒரு துண்டு வைத்து விளக்கை அணைத்துவிடுகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சட்டப்படியும் தவறு, அந்தப் புகை நம் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் மூச்சில்தான் போகிறது.

## டீசல் வண்டி: வடிகட்டி விளக்கு, பவர் இழுக்கவில்லை

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டியே சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துக்கொள்ளும். அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். காரைக்குடி கடைவீதிக்கும் வீட்டுக்குமாக ஓடும் வண்டிக்கு அந்த ஓட்டம் கிடைப்பதே இல்லை.

வடிகட்டி விளக்கு மட்டும் எரிகிறது, பவர் குறையவில்லை என்றால் கால் டேங்குக்கு மேல் டீசல் வைத்துக்கொண்டு, திருமயம் வழியாகப் புதுக்கோட்டை வரை போய் வாருங்கள். 60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகம், ஆர்பிஎம் 2000-க்கு மேல், குறைந்தது இருபது நிமிடம். உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எரிந்து முடிந்ததும் விளக்கு தானாக அணையும்.

நிறுத்தும்போது ஃபேன் வேகமாக ஓடுகிறது, ஐட்லிங் வழக்கத்தைவிட அதிகம், சூட்டு வாடை வருகிறது என்றால் எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அப்போது அணைத்தால் பாதியில் நிற்கும். இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்தால் எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாதீர்கள், ஆயில் மாற்றியாக வேண்டும்.

அறுவடைக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் உளுந்துச் செடி, கொள்ளு, வைக்கோல் பரப்பி வைத்திருப்பார்கள். அது அடியில் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் சைலன்ஸரில் பட்டால் வண்டி தீப்பிடிக்கும். சுற்றிப் போக முடிந்தால் சுற்றிப் போங்கள். ஏறிப் போக நேர்ந்தால் தாண்டியதும் இறங்கி, கீழே குனிந்து பார்த்து, குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வடிகட்டி விளக்கோடு செக் என்ஜின் விளக்கும் எரிந்து, வண்டி வேகமே எடுக்கவில்லை என்றால் ஓட்டிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. பி2463 என்றால் கரி நிறைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்துக் கட்டாய எரிப்பு செய்ய வேண்டும், அதற்கு மேல் தள்ளிப்போட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டிவரும். பி0401 என்றால், புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் பாதையில் பெரும்பாலும் கரி அடைப்பு. கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும், உடனே புது வால்வு வாங்கச் சம்மதிக்காதீர்கள்.

சில டீசல் வண்டிகளில் ஆட்புளூ என்ற திரவத்துக்குத் தனி டேங்க் இருக்கும். அது தீர்ந்தால் "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று எண்ணிக்கொண்டே வந்து, பூஜ்யத்தில் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. விளக்கைப் பார்த்த அன்றே நிரப்புங்கள். அது 32.5 சதவீத சுத்த யூரியாக் கரைசல். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் மொத்த அமைப்பும் பாழ். டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

## மழைக்குப் பிறகு விளக்கு வந்து வந்து போகிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரணி நிறைந்து சாலைக்கு வரும்போது இது வரும். ஏதோ ஒரு கனெக்டரில் தண்ணீர். கோடு எந்த சென்சாரைச் சொல்கிறதோ அதன் கனெக்டரைக் கழற்றி, பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார்த்து, காண்டாக்ட் க்ளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அப்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது, நேரே மெக்கானிக்.

## சரிசெய்த பிறகும் விளக்கு எரிகிறது

பழுது நீங்கியிருந்தால், அது திரும்ப வராமல் மூன்று முறை முழு ஓட்டம் முடிந்ததும் பெரும்பாலான வண்டிகளில் விளக்கு தானாக அணையும். ஒரு முழு ஓட்டம் என்றால் குளிர்ந்த என்ஜினில் தொடங்கி, நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி நிறுத்துவது. மறுபடி நன்றாக ஆறியபின்தான் அடுத்தது கணக்கு. தெருமுனை வரை போய்வருவது சேராது. பொறுமையில்லையென்றால் ஸ்கேனரில் அழிக்கலாம், ஆனால் வண்டி தன் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆப்பில் "ரெடினஸ்" பக்கத்தில் எல்லாம் முடிந்ததாகக் காட்டும்வரை "சரியாகிவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள்.

புகைச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, எனவே வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். பெட்ரோல் வண்டிக்கு அங்கே முக்கியமாகப் பார்ப்பது நின்ற இடத்தில் வரும் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும். விளக்கு எரியும் வண்டியும் அதில் தேறிவிடலாம்.

அதே கோடு இரண்டாவது முறை வந்தால் நீங்கள் செய்த வேலையை ஒரு தாளில் எழுதி, ஃப்ரீஸ் ஃப்ரேம் படத்தோடு மெக்கானிக்கிடம் கொடுங்கள். எதை மாற்றினீர்கள், எதைக் கழற்றித் துடைத்தீர்கள், விளக்கு எத்தனை கிலோமீட்டரில் திரும்பியது என்று இருந்தால் போதும். பாகத்தை மாற்றச் சொன்னால் பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். எந்தச் சோதனையில் அது தேறவில்லை என்றும் கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்பவரிடம் வண்டியை நம்பி விடலாம்.